தனக்குள் இறைவனைத் தேடுவது: கண்ணை மூடிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

வேளச்சேரி மழை | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ‘இறைவன் உனக்குள்ளேதான் இருக்கிறான்’ என்று கேட்டுக் கேட்டே வளர்கிறோம். சரி என்று கண்ணை மூடி உட்கார்ந்தால், அடுத்து என்ன செய்வது என்பதை யாரும் சொல்வதில்லை. சொற்பொழிவுகள் எல்லாம் அந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன.

என் கேள்விகள் இவை. ‘நான் யார்’ என்று கேட்டால் ‘நான் ஆத்மா’ என்று உள்ளே ஒரு பதில் வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை. இது சரியா? கவனத்தை வைக்க வேண்டியது நெஞ்சிலா, புருவ நடுவிலா? பதினைந்து நிமிடத்தில் நெற்றி கனக்கிறது, இல்லையென்றால் தூக்கம் வருகிறது. எங்கே தவறு? ‘நான் யார்’ என்று கேட்டுப் பார்க்கும் இந்த விசாரம் ஒத்துவராத பக்தர்களுக்கு இதே இடத்துக்கு வேறு வழி உண்டா?

தத்துவம் நிறையப் படித்தாயிற்று. செய்முறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

உள்முகம் | சனி, இரவு 10:25

‘நான் யார்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. பாதிப் பேர் வழி தவறுவது அங்கேதான். ‘நான் ஆத்மா’ என்று உள்ளே ஒரு குரல் சொன்னால், படித்தது திரும்ப ஒலிக்கிறது, அவ்வளவே. ‘நாளைக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும்’ என்ற எண்ணமும் ‘நான் ஆத்மா’ என்ற எண்ணமும் ஒரே மாதிரி எழுந்து ஒரே மாதிரி அடங்குகின்றன. இரண்டும் வந்துபோனதை அறிந்துகொண்டு ஒன்று இருந்ததே, அந்தப் பக்கம் கவனத்தைத் திருப்பத்தான் அந்தக் கேள்வி.

1901-02 வாக்கில் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமலிருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடைகளில் இந்த முறை முழுதாக இருக்கிறது. ஓர் எண்ணம் எழுந்தால் அதைப் பூர்த்தி செய்யப் போகாமல், இது யாருக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று பார்த்தால் மனம் வந்த வழியே திரும்பும், எழுந்த எண்ணமும் அடங்கும். பிணம் சுடுகிற தடி கடைசியில் தானும் எரிந்துபோவது போல இந்தக் கேள்வியும் போய்விடும். ஆகவே இதை ஜபம் போல உருட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒரு தடவை கேட்டால் ஒரு தடவை திரும்ப வேண்டும். திரும்பாமல் நூறு தடவை கேட்டாலும் ஒன்றும் நடக்காது.

பழக ஒரு வழி சொல்கிறேன். அடுப்பில் குக்கர் ஏறியிருக்கும்போது பக்கத்து அறையில் உட்காருங்கள். விசில் வருகிறது, சத்தம் தெரிகிறது. விசில் நிற்கிறது, சத்தம் இல்லாததும் தெரிகிறது. சத்தம்தான் போயிற்று, ‘தெரிகிறது’ என்பது போகவில்லை. அடுத்த விசிலுக்கு மனம் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பும் தெரிகிறது. மூன்று விசில் போவதற்குள் இது பிடிபட்டுவிடும். பிறகு விசிலை விட்டுவிட்டு அந்தத் ‘தெரிகிறது’ என்பதிலேயே 2 நொடி நில்லுங்கள், போதும். அதற்குள் ஏதாவது ஒரு நினைப்பு இழுத்துக்கொண்டு போகும். யாருக்கு? எனக்கு. மறுபடி 2 நொடி. 20 நிமிடத்தில் 40, 50 தடவை இப்படித் திரும்பியிருந்தால் அது நல்ல அமர்வு. இழுத்துப் பிடித்து 20 நிமிடமும் நிற்பேன் என்று மல்லுக்கட்டினால் தலைதான் கனக்கும்.

---

மூச்சுக்கணக்கு | ஞாயிறு, காலை 5:50

நெற்றி கனப்பது பற்றி நான் எழுதுகிறேன். ‘மூன்றாவது கண் திறக்கிறது’ என்று சொல்லி இதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நம்ப வேண்டாம். பெரும்பாலும் இது தசை இறுக்கம்தான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எதையோ ‘பார்க்க’ முயலும்போது கருவிழிகள் மேலே ஏறி நிற்கின்றன, பல்லைக் கடிக்கிறோம், நாக்கு மேலண்ணத்தில் அழுந்துகிறது. அப்படியே கால் மணி நேரம் இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? மடியில் கிடக்கும் உள்ளங்கையைப் பார்ப்பது போலக் கருவிழியை இறக்குங்கள். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஓர் அரிசி நுழையும் இடைவெளி விடுங்கள். நாக்கைத் தளரவிடுங்கள். அப்படியும் தினமும் தலை வலித்தால் கண் பரிசோதனைக்கும் இரத்த அழுத்தம் பார்க்கவும் போக வேண்டும், தியானத்தை மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

வெறும் தரையில் சம்மணமிட்டால் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூன் போடும். பழைய போர்வையை மடித்து 4 அங்குல உயரத்துக்குப் பிட்டத்தின் கீழே மட்டும் வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்தால் முதுகு தானாக நிமிரும். முட்டிவலிக்காரர்கள் நாற்காலியில் முதுகு சாயாமல், பாதம் இரண்டும் தரையில் பட உட்காரலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது மூச்சு. திருமூலர் சொல்லும் கணக்கு 16 மாத்திரை (பழைய கால அளவு) இழுத்து, 64 நிறுத்தி, 32-ல் விடுவது. ஒரு மாத்திரையை ஒரு நொடி என்று எடுத்தாலே ஒரு மூச்சுக்கு 112 நொடி ஆகிறது. அது ஆசிரியர் பக்கத்தில் இருக்க, படிப்படியாக ஏற வேண்டிய உயரம். வீடியோ பார்த்துவிட்டு முதல் நாளே 64 எண்ணுகிறவர்களுக்குப் படபடப்பும் தலைசுற்றலும் வரும். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தவே கூடாது. நம் தேவைக்கு 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள், நடுவில் நிறுத்தம் வேண்டாம். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம் செய்துவிட்டு எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்.

தூக்கத்துக்கு வருவோம். சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நம் ஊரில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை அறைப் புழுக்கமே ஆளைச் சாய்த்துவிடும். மொட்டை மாடி இருந்தால் விடியுமுன் அங்கே போய்விடுங்கள். அறைக்குள் என்றால் மின்விசிறி முகத்துக்கு நேராக வேண்டாம், பக்கவாட்டில் ஓடட்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் தூங்குகிறவர் கண்ணை மூடினால் உடம்பு கடனை வசூலிக்கும். அவர் முதலில் தூங்க வேண்டும்.

---

நின்றவூர் வழி | ஞாயிறு, காலை 8:15

பக்தர்களுக்கு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்ட்ரலில் அரக்கோணம் வண்டி ஏறினால் ஆவடி தாண்டி வருகிற திருநின்றவூரில் அந்த வழிக்கு ஒரு கோயிலே இருக்கிறது, இருதயாலீசுவரர் கோயில். பூசலார் நாயனார் கதை எல்லாருக்கும் தெரியும்: கையில் பொருள் இல்லை, மனத்துக்குள் கோயில் கட்டினார், காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்குக் குறித்த குடமுழுக்கு நாளை, அன்று பூசலார் கோயிலுக்குப் போகிறேன் என்று ஈசன் கனவில் வந்து தள்ளிவைக்கச் சொன்னார். கதையைச் சொல்லி உருகிவிட்டு விட்டுவிடுகிறோம். அதற்குள் இருக்கும் செய்முறையைப் பார்ப்பதில்லை.

குன்றத்தூர்ச் சேக்கிழார் அதைப் பாடும் வரிசையைக் கவனியுங்கள். பொருள், கருவி, தச்சர் எல்லாரையும் மனத்தில் சேர்க்கிறார். நாள் பார்க்கிறார். அடியில் உபானம் என்ற அடித்தளப் படையில் தொடங்கி ஒவ்வொரு படையாக, சிகரம் வரை முழக்கணக்கோடு எழுப்புகிறார். தூபி நடுகிறார், சுதை பூசுகிறார், கிணறு, மதில், குளம் என்று முடிக்கிறார். ‘ஒரு பெரிய கோயிலை நினைத்துக்கொண்டார்’ என்று ஒரே வரியில் பாடியிருக்கலாம். முழத்தைச் சொல்லியிருக்கிறார். அளவு இருக்கிற வேலையில் மனம் அலைய முடியாது. கல்லுக்கு மேல் அடுத்த கல்லை வைக்க வேண்டுமானால் அங்கேயே நின்றாக வேண்டும்.

இதை வீட்டில் செய்ய 25 நிமிடம் வேண்டும். நீங்கள் நன்றாக அறிந்த ஒரு சின்ன சந்நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனையாகப் பெரிய கோபுரம் வேண்டாம், தெரியாத இடத்தை மனம் இட்டுக்கட்டும். வாசற்படியில் காலை வையுங்கள், கல்லின் குளிர்ச்சி தெரியட்டும். செம்பில் தண்ணீர் எடுங்கள், கனத்தைக் கை உணரட்டும். ஊற்றும் தண்ணீர் இலிங்கத்தின் உச்சியில் பட்டு எந்தப் பக்கமாக வழிந்து பீடமான ஆவுடையாரில் இறங்கிக் கோமுகி என்ற நீர்வாய் வழியாக வெளியேறுகிறது என்று கூடவே போங்கள். காட்சி மங்கினால் அடுத்ததற்குத் தாவாமல், கடைசியாகத் தெளிவாக இருந்த இடத்துக்குத் திரும்புங்கள். பிறகு பூ. சைவத்தில் உள்பூசைக்கு எட்டுப் பூ சொல்லப்பட்டிருக்கிறது: கொல்லாமை, ஐம்பொறி அடக்கல், பொறுமை, இரக்கம், அறிவு, வாய்மை, தவம், அன்பு. எட்டையும் ஒரே நாளில் போட வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒன்று. இன்று பொறுமை என்றால், நேற்று எங்கே அது தவறியது என்று பார்த்துவிட்டு அந்தப் பூவை எடுக்க வேண்டும். அந்த நினைப்பு கொஞ்சம் சுடும். சுட்டால் நல்லது.

---

வேளச்சேரி மழை | ஞாயிறு, காலை 11:02

ரொம்ப நன்றி ஐயா. ஒரு சந்தேகம். இது முழுக்க மனம் செய்கிற வேலைதானே? நாமே கட்டிய கோயில், நாமே ஊற்றிய தண்ணீர். இதில் இறைவன் இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது?

---

நின்றவூர் வழி | ஞாயிறு, பகல் 12:30

கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு விடை அப்பர் பாட்டில் இருக்கிறது. உடம்பைக் கோயிலாக வைத்து, வாய்மையால் தூய்மை செய்து, அன்பையே நெய்யும் பாலுமாக ஆட்டுகிற அந்தத் ‘காயமே கோயிலாக’ என்ற பாட்டில் மனம் இரண்டு இடத்தில் வருகிறது. ‘கடிமனம் அடிமையாக’ என்று ஒரு தடவை, ‘மனமணி இலிங்கமாக’ என்று இன்னொரு தடவை. பூசை செய்கிற அடியாளும் மனம், பூசை ஏற்கிற இலிங்கமும் மனம். எழுத்துப்பிழை மாதிரி தோன்றும். பயிற்சியின் முழு நகர்வே அதுதான்.

தொடக்கத்தில் மனம் ஓடி ஓடி வேலை செய்யும் ஆள். தண்ணீர் கொண்டுவா, பூ எடு, விளக்கு ஏற்று. 20 நிமிடம் ஆகும்போது வேலை குறையும். தீபம் காட்டியதும் கையில் ஒன்றும் இல்லை. அப்போது எழுந்துவிடாமல் அப்படியே 5 நிமிடம் இருக்க வேண்டும். கட்டிய கோயில் மெல்ல மங்கும், மங்கட்டும். அதைத் திரும்பக் கட்டக் கூடாது. கோயில் கரைந்த பிறகு, இவ்வளவு நேரமும் கோயிலைத் தாங்கிக்கொண்டிருந்த வெளிச்சம் மட்டும் மிஞ்சும். கட்டியதில் அவன் இருக்கிறானா என்று கேட்டீர்கள். கட்டுவதற்கு இடம் கொடுத்தது எது என்று அங்கே பாருங்கள். உள்முகம் ஐயா சொல்லும் ‘தெரிகிறது’ என்பதும் இதுவும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

பெரும்பாலோர் கடைசி 5 நிமிடத்தை விட்டுவிடுகிறார்கள். தீபாராதனை முடிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவது. அது சமைத்து இறக்கிவிட்டுச் சாப்பிடாமல் போவது மாதிரி.

---

அல்லிக்கேணி தாசன் | ஞாயிறு, மாலை 4:10

அடியேனும் ஒன்று விண்ணப்பிக்கலாமா. வைணவத்தில் எம்பெருமானின் நிலைகள் ஐந்து: பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை. தேவரீர்கள் பேசிக்கொண்டிருப்பது நான்காவது, உயிருக்குள் உறைகிற நிலை. எங்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. உள்ளே இருக்கிறான் என்றால் நானே அவன் என்று ஆகாது. உயிருக்கு அவன் உயிர், இந்த உயிர் அவனுக்கு உடம்பு.

ஆன்மாவின் தன்மை அறிவா, அடிமையா என்று கேட்டுவர உடையவர் (இராமானுசர்) தம் சீடர் கூரத்தாழ்வானைத் தம் ஆசாரியர் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பினார் என்றும், நம்பி நம்மாழ்வாரின் ‘அடியேன் உள்ளான்’ என்ற இரண்டு சொல்லையே விடையாகத் தந்தார் என்றும் பெரியோர் சொல்வர். ‘நான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆழ்வார் ‘அடியேன்’ என்று வைத்திருக்கிறார். அந்த இடமே எங்கள் பயிற்சி.

விசாரத்தில் எண்ணம் வந்தால் ‘யாருக்கு?’ என்று கேட்கிறீர்கள். சரணாகதியில் ‘யாருடையது?’ என்று கேட்க வேண்டும். கவலை வந்தால் கவலைப்படுகிற இந்த நெஞ்சு யாருடைய சொத்து என்று பார்ப்பது. அவனுடையது என்று தெரிந்த மாத்திரத்தில் பிடி தளரும். அதற்கு மேல் அந்த நெஞ்சைச் சரிசெய்ய நாம் மெனக்கெட வேண்டியதில்லை, உடையவன் பார்த்துக்கொள்வான். நாள் முழுக்கச் செய்ய எளிது. கதவைத் திறக்குமுன், போனை எடுக்குமுன், ஒரு மூச்சு ‘அடியேன்’. சொல் வாயோடு நிற்காமல், அந்த நொடியில் தோள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தோள் விறைப்பாகவே இருந்தால் சொல்லியது வெறும் பழக்கம்.

---

உள்முகம் | ஞாயிறு, இரவு 9:05

‘யாருக்கு, யாருடையது’ என்று வேறுபாட்டைப் பிட்டுவைத்துவிட்டீர்கள் தாசன் சுவாமி. முடிவில் ஒன்றா இரண்டா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதை மழுப்ப வேண்டாம். ஆனால் முதல் ஆயிரம் படி வரை கால் வைக்கும் இடம் ஒன்றே: எண்ணத்தின் பின்னால் ஓடாமல் எண்ணம் எழுந்த இடத்துக்குத் திரும்புவது.

வேளச்சேரி மழை கேட்ட ‘எங்கே கவனம்’ என்ற கேள்வி விடுபட்டிருக்கிறது. ரமணர் இதயம் என்று சொன்னது இடப்பக்கம் துடிக்கிற உறுப்பை அல்ல. மார்பின் நடுவிலிருந்து வலப்பக்கம் இரண்டு விரற்கடை என்றார். கேட்டவர்களுக்காகச் சொன்ன அடையாளம் அது. அந்தப் புள்ளியைக் குறித்துத் தியானம் செய், அங்கே ஏதாவது துடிக்கும் என்று அவர் அனுப்பவில்லை. ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்லும்போது கை தானாகப் போய் எங்கே தொடுகிறது என்று பார்க்கச் சொல்வார். தலையைத் தொட்டு ‘நான்’ என்று யாரும் சொல்வதில்லை.

வள்ளலார் புருவ மத்தியைச் சொன்னார். 1872-ல் வடலூரில் ஞானசபையை அமைத்து ஏழு திரை போட்டதும், உள்ளே இருக்கும் ஒளியை மறைப்பவை இவை என்று கண்ணுக்குக் காட்டத்தான். இரண்டில் எது சரி என்று சண்டை போடுவதில் பொருளில்லை. ஒன்றை எடுத்தால் ஆறு மாதம் மாற்றாதீர்கள். ஒரு சோதனை மட்டும் சொல்கிறேன்: கவனம் வைத்த இடத்தில் இறுக்கம் கூடினால் நீங்கள் உடம்பில் ஒரு புள்ளியை வெறித்துக்கொண்டிருக்கிறீர்கள். இடம் மறந்து ‘இருக்கிறேன்’ என்ற உணர்வு மட்டும் நின்றால் இடம் தன் வேலையை முடித்துவிட்டது. எப்போதும் நெற்றி கனக்கிறவர்கள் நெஞ்சையே எடுத்துக்கொள்வது நல்லது.

---

பரங்கிமலைப் பயணி | திங்கள், காலை 7:35

உட்கார நேரமே இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். வேளச்சேரியிலிருந்து திருமயிலைக்குப் பறக்கும் ரயிலில் ஒன்பதாவது நிறுத்தம். பெருங்குடி, தரமணி, திருவான்மியூர் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் நடுவே 2, 3 நிமிடம் கிடைக்கிறது. வண்டி நகரத் தொடங்கியதும் போனைப் பையில் போடுங்கள். கண்ணை மூட வேண்டாம், திறந்தே இருக்கட்டும். பெட்டிச் சத்தம், விற்கிறவர் குரல், பக்கத்தில் ஒருவர் சத்தமாகப் பேசும் போன் எல்லாம் தெரிகின்றன. எதையும் தள்ளாமல், இதெல்லாம் தெரிகிற ஒரே இடத்தில் இருங்கள். வண்டி நிற்கும்போது கூட்டம் ஏறும், தோளில் இடிபடும், எரிச்சல் கிளம்பும். அந்த எரிச்சல் கிளம்புகிற நொடிதான் பாடம். ‘யாருக்கு?’ என்பதோ ‘அடியேன்’ என்பதோ அங்கே ஒரு தடவை வேலை செய்தால், அமைதியான அறையில் செய்த பத்துத் தடவைக்குச் சமம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. வண்டி ஓட்டும்போது, ரோடு கடக்கும்போது இதைப் பயில வேண்டாம். அங்கே கவனம் முழுக்க ரோட்டில் இருக்க வேண்டும்.

---

வேளச்சேரி மழை | திங்கள், இரவு 8:50

குக்கர் முறை புரிகிறது, ஐயா. ஆனால் ‘தெரிகிறது’ என்பதைத் திரும்பிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. ஒளி இல்லை, உருவம் இல்லை, காலி. இறைவன் என்று சொல்ல அங்கே என்ன இருக்கிறது? இன்னொன்று. சில நேரம் 20 நிமிடம் போனதே தெரிவதில்லை. அது சமாதியா, தூக்கமா?

---

உள்முகம் | திங்கள், இரவு 10:40

சிதம்பரத்தில் நடராசர் சந்நிதிக்குப் பக்கத்தில் ஒரு திரை இருக்கிறது. தீட்சிதர் திரையை விலக்கினால் தெரிவது வெட்டவெளியும் அதில் தொங்கும் பொன் வில்வ மாலையும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ‘அவ்வளவுதானா’ என்று முழிப்பார்கள். சித் என்றால் அறிவு, அம்பரம் என்றால் வெளி. ஊரின் பெயரிலேயே விடை இருக்கிறது. அங்கே ஒரு பொருளைக் கண்டிருந்தால், அதைக் கண்டவர் ஒருவர் இந்தப் பக்கம் மிஞ்சியிருப்பார். தேடல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

‘காலி’ என்றீர்களே, அந்தக் காலி உங்களுக்குத் தெரிந்ததா இல்லையா? தெரிந்தது. கல் காலியாக இருக்கிறது, கல்லுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த காலி அறிவு நிறைந்த காலி. அதை ‘ஒன்றுமில்லை’ என்று தள்ளிவிட்டு ஒளியையும் நாதத்தையும் எதிர்பார்த்து உட்காராதீர்கள். வந்தால் வரட்டும், அவையும் விசில் சத்தம் மாதிரிதான்: வந்தன, தெரிந்தன, போயின. போகிற ஒன்று உங்களுக்குள் எப்போதும் இருக்கிறவனாக இருக்க முடியாது. முதலில் அந்த வெளி வறண்டது போலத் தோன்றும். பொறுத்திருந்தால் அதிலேயே ஒரு குளிர்ச்சி, காரணம் சொல்ல முடியாத நிறைவு ஊறும். இரண்டாம் மாதத்தில் வரலாம், இரண்டாம் வருடத்தில் வரலாம். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

நேரம் போனது தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் இலயம், மனம் தற்காலிகமாக அமுங்கியிருப்பது. கங்கைக்கரை யோகி சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டு மூழ்கி, எத்தனையோ காலம் கழித்து எழுந்ததும் ‘தண்ணீர் எங்கே’ என்று கேட்டாராம். எந்த எண்ணத்தோடு போனாரோ அதே எண்ணத்தோடு வந்தார், ஒன்றும் மாறவில்லை. சோதித்துப் பாருங்கள்: எழும்போது தலை மந்தமாக, முகம் வீங்கின மாதிரி, இன்னும் கொஞ்சம் படுக்கலாம் போல இருந்தால் தூக்கம். தலை சரிந்திருந்தாலும், வாயோரம் ஈரமாக இருந்தாலும் அதேதான். மனம் அடங்கும் சமயம் பார்த்து ‘இந்த அமைதி யாருக்கு?’ என்று ஒரே ஒரு தடவை மெல்லக் கேளுங்கள். அந்தக் கேள்வி தூக்கத்தில் விழாமல் பிடித்துக்கொள்ளும். பலர் எண்ணம் வரும்போது மட்டும் விசாரிக்கிறார்கள், அமைதி வந்ததும் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் சறுக்குகிறது.

---

நின்றவூர் வழி | செவ்வாய், காலை 6:20

உள்முகம் ஐயா எழுதியதோடு சைவ சித்தாந்தப் பக்கமிருந்து ஒன்றைச் சேர்க்க வேண்டும். கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு. ஆனாலும் கதிரவன் ஒளி இல்லாமல் எதையும் பார்க்காது. உயிரின் அறிவும் அப்படி, அருள் காட்டினால்தான் காணும். உள்ளே தெரியும் அந்தத் தெளிவை ‘இது என்னுடைய உணர்வு’ என்று எடுத்துக்கொண்டால் ஆணவம் காவி கட்டிக்கொண்டு வந்து உட்காரும்.

அதற்கு அடையாளம் உண்டு. ‘நான் சாட்சி, எனக்கு ஒன்றும் ஒட்டாது’ என்று சொல்லிக்கொண்டு, வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருப்பவருக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க எழுந்திருக்காவிட்டால், அவர் பிடித்திருப்பது சாட்சி என்ற ஓர் எண்ணத்தை. உண்மையான உள்முகத்தில் நெஞ்சு இளகும். கல்லாகிறது என்றால் வழி தப்பியது. அப்போது விசாரத்தை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, இரக்கம் என்ற பூவை மட்டும் எடுத்துப் பூசை செய்யுங்கள். மனத்தில் செய்த பூசைக்குச் சாட்சியாக வெளியிலும் ஒரு கைவேலை இருக்க வேண்டும்.

---

மூச்சுக்கணக்கு | செவ்வாய், காலை 9:00

இதைச் சொல்லாமல் விடக் கூடாது. நீண்ட நேரத் தியானம் எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் ஏற்றதில்லை. கடுமையான மனச்சோர்வு, பதற்றத் தாக்குதல், மனநோய்க்கு மருந்து, வலிப்பு, அண்மையில் பெரிய இழப்பு என்று இருப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போல, தன் கை தன்னுடையது இல்லை போல ஓர் அந்நியத் தன்மை வந்து, அதில் பயம் கலந்திருந்தால் அது ஞானம் இல்லை. உடனே பயிற்சியை நிறுத்துங்கள், கண்ணைத் திறங்கள், குளிர்ந்த தண்ணீரில் கை கால் கழுவுங்கள், யாரிடமாவது பேசுங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் போகவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘இன்னும் தீவிரமாக உட்கார், சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

---

வேளச்சேரி மழை | செவ்வாய், இரவு 9:15

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். தொடங்கப் போகிறவருக்கு ஒரே ஓர் அட்டவணை சொல்லுங்களேன். எதை முதலில், எத்தனை நாள்?

---

உள்முகம் | புதன், காலை 5:20

ஒரு மண்டலம், 48 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். நேரமும் இடமும் மாறக் கூடாது. காலை 5 என்றால் 5. காபி வேண்டுமென்றால் அரை டம்ளர் குடித்துவிட்டே உட்காரலாம். முதல் 16 நாள் 5 நிமிட மூச்சு, பிறகு 15 நிமிடம் நின்றவூர் ஐயாவின் உள்பூசை. மனம் ஓரிடத்தில் நிற்கப் பழகும் முன் விசாரத்தில் குதித்தால் கேள்வியும் பதிலுமாக வாயாடிக்கொண்டிருக்கும். அடுத்த 16 நாள் உள்பூசையை 10 நிமிடமாகக் குறைத்து, தீபாராதனைக்குப் பிறகு இருக்கிற அந்த வெறும் இருப்பை 10 நிமிடமாகக் கூட்டுங்கள். கடைசி 16 நாள் மூச்சு 5, விசாரம் 20. பகலில் ரயிலிலோ மாடிப்படியிலோ மூன்று தடவை தாசன் சுவாமி சொன்ன ஒரு மூச்சு. ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், அடுத்த நாள் தொடருங்கள். இரண்டு நாள் மட்டும் சேர்ந்தாற்போல் விடாதீர்கள், மூன்றாவது நாள் உட்காரவே மனசு வராது.

நோட்டில் அனுபவங்களை எழுத வேண்டாம். எழுதினால் நேற்று வந்தது இன்றும் வர வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், எழும்போது தெளிவா மந்தமா, இது போதும்.

எழுவது எப்படி என்று யாரும் எழுதவில்லை. அலாரம் அடித்ததும் துள்ளி எழாதீர்கள். அலாரச் சத்தமும் ஒரு விசில்தான், அது தெரிகிறது. அதை நிறுத்திவிட்டு முதலில் விரல்களை அசையுங்கள், பிறகு கண்ணை மடியைப் பார்த்துத் திறங்கள். கண் திறந்ததும் அறை, சுவர், ஜன்னல் எல்லாம் தெரியும். மூடியிருந்தபோது ‘தெரிகிறது’ என்று நின்றது எதுவோ அதுவே இப்போதும் நிற்கிறதா என்று அரை நிமிடம் பாருங்கள். அப்புறம் எழுந்து போய்ப் பால் பாக்கெட்டை எடுங்கள்.

---

அல்லிக்கேணி தாசன் | புதன், காலை 6:05

பால் பாக்கெட்டை எடுக்கக் குனியும்போதும் ஒரு ‘அடியேன்’. குனிகிற உடம்புக்கு அந்தச் சொல் எளிதாக வரும்.